நாற்பத்தொரு மூட்டை

கடைசல் பட்டறைக்காரருக்கு மனைவி கொடுத்திருந்த கெடு ஒரே ஒரு மழை.

இரண்டு வருடமாக வாய்க்கால் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. முதல் வருடம் மெத்தை போனது. அடுத்த வருடம் தரையில் வைத்திருந்த அவளுடைய தையல் மெஷினின் மோட்டார் போனது. மூன்றாவது தடவையும் வந்தால் அண்ணன் வீட்டு மாடிக்குப் போய்விடுவேன் என்று சொன்னாள். கத்தவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். அதனால்தான் அவருக்குப் பயம் வந்தது.

வாய்க்கால் வீட்டுக்குப் பின்னால் ஓடி, சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலத்துக்குள் நுழைந்து கடலுக்குப் போகிறது. அடைப்பெல்லாம் அந்தப் பாலத்தின் வாயில்தான்.

ஞாயிறுதோறும் கடற்கரையில் குப்பை பொறுக்கும் கூட்டம் ஒன்று இருந்தது. பள்ளி வாத்தியார் ஒருவர் நடத்தினார். பட்டறைக்காரர் ஆறு ஞாயிறு அவர்களோடு மணலில் குனிந்து கிடந்து, கடலுக்கு வருவதெல்லாம் எங்கள் வாய்க்கால் வழியாகத்தான் என்று பேசிப் பேசி, ஏழாவது ஞாயிறு பதினெட்டுப் பேரைக் கூட்டி வந்துவிட்டார்.

மனைவி கொல்லைக் கதவில் நின்று பார்த்தாள்.

"வீட்டுக் குப்பைக்கூடைய ஒருநாள் தொட்டதில்ல. ஊர்க் குப்பைன்னா கையுறை மாட்டிக்கிட்டு முன்னாடி நிக்கிறாரு."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். பதினெட்டுப் பேருக்கும் அவளே டீ போட்டுக் கொடுத்தாள். மனசு இளகுகிறது என்று அவர் கணக்குப் போட்டார்.

முழங்கால் சேறு. பாட்டில், செருப்பு, தெர்மாகோல், ஒரு நாற்காலியின் முதுகு. நாய் கிழிக்காமல் இருக்க மூட்டையின் வாயில் இரண்டு முடிச்சு போடுவது கூட்டத்தின் வழக்கம். பாட்டில் மூட்டைகள் காற்றோடு உப்பி நின்றன. லாரி பாலத்தருகே மட்டும்தான் நிற்க முடியும் என்பதால் எல்லாவற்றையும் அங்கே கரைமேல் அடுக்கினார்கள். அடுக்கியவர் பட்டறைக்காரர். மொத்தம் நாற்பத்தொன்று.

லாரி வரவில்லை. டிரைவர் போனில் நாளைக் காலை என்றார். வாத்தியார் வானத்தைப் பார்த்துவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்துவிடலாமா என்று கேட்டார். எல்லோருக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"கட்டித்தான சார் வெச்சிருக்கு. எங்க போயிடப் போகுது?" என்றவர் பட்டறைக்காரர்தான்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. காலையில் பதினெட்டுப் பேர் மிதித்த கரை நான்கு மணிக்குச் சரிந்தது. மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கி, மிதந்து, பாலத்தின் வாயில் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டன. உதிரியாகக் கிடந்தபோது அந்தக் குப்பையில் பாதியாவது தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. முன்பெல்லாம் வீட்டுக்குள் கணுக்கால் அளவு. இந்தத் தடவை முழங்காலைத் தாண்டியது.

அவர் வாய்க்காலில் இறங்கி இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. முடிச்சு அவிழவில்லை. கத்தியால் கிழித்தார். காலையில் பொறுக்கியதெல்லாம் குடல் சரிந்த மாதிரி வெளியே கொட்டி, பாலத்துக்கு அடியில் நுழைந்து கடலுக்குப் போனது.

சாலையில் குடையோடு நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏன்யா, நல்லவங்க நாலு பேரு பொறுக்கி வெச்சத அவுத்து விடுறியே. வெக்கமா இல்ல?"

 பட்டறைக்காரர் அடுத்த மூட்டையைக் கிழித்தார். பதினாறோ பதினேழோ ஆனபோது தண்ணீர் ஒரு சாண் இறங்கியது.

வீட்டுக்குப் போனார். கட்டில்மேல் பெட்டி கட்டி வைத்திருந்தது. மச்சான் சாலையில் வண்டியோடு நின்றார். தங்களோடு வரும்படி பட்டறைக்காரரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாதது நியாயம் என்றே அவருக்கும் பட்டது.

லாரி வராதது, தான் அடுக்கியது, வாத்தியாரைத் தடுத்தது எல்லாவற்றையும் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் தண்ணீரில் நின்று கடைசிவரை கேட்டாள்.

"வேணும்னு செய்யலீங்க நீங்க. அது எனக்குத் தெரியாதா?"

"அப்ப இருக்கியா?"

"வேணும்னு செஞ்சிருந்தா சண்டை போட்டுட்டு இங்கேயே இருந்திருப்பேன்."

பிறகு, மெஷினை அந்தப் பக்கம் பிடிக்கச் சொன்னாள். அவர் பிடித்தார். சாலை வரைக்கும் எங்கேயும் இறக்கி வைக்காமல் இருவரும் தூக்கிக்கொண்டு போனார்கள்.