இரவல் மாடு

மதன்குமாருக்குக் கல்யாணம் தட்டிக்கொண்டே போனதற்குக் காரணம் அவன் முகமல்ல, ஆனைமலையில் அவனுக்கிருந்த தென்னந்தோப்புதான். தோப்பு என்றதுமே பெண் வீட்டார் சேறு, சாணி என்று மனதுக்குள் ஒரு படமே ஓட்டிவிட்டு, "பொண்ணு ஐடியில இருக்குதுங்க" என்று நழுவிவிடுவார்கள். இந்த முறை வந்த சம்பந்தம் அதற்கு நேர்மாறு. சரவணம்பட்டியில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அங்கப்பனுக்கு விவசாயம் என்றால் உயிர். ஆனால் அவர் பார்த்த விவசாயமெல்லாம் செல்போன் வீடியோவில். அவர் மகள் வர்ஷினியை மாசாணியம்மன் கோயிலில் வைத்துப் பார்த்ததிலிருந்து மதனுக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் கைநழுவிப் போய்விடுமோ என்று பயந்து கிடந்தான்.

அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதற்கு முந்தைய நாள் தரகர் போன் செய்தார். "வாசல்ல மாடு, கன்னு நிக்கோணும், கறந்த பால்ல காப்பி குடிக்கோணும்னு அங்கப்பன் ஆசைப்படறாருங்க."

மாட்டுக்கு எங்கே போவது? அந்த வீட்டில் தினமும் பாக்கெட் பால்தான். மதனின் அம்மா ராசாத்தாள் அசரவில்லை. பக்கத்துத் தோட்டத்து மயிலாத்தாளிடம் கெஞ்சிக் கேட்டு, ஒரு மாட்டைக் கன்றோடு ஓட்டிவந்து வேப்பமரத்தில் கட்டிவிட்டாள். "நம்ம மாடுன்னே சொல்லிப்போடு கண்ணு. ஒரு மத்தியானந்தான" என்றாள். மதனுக்கு அதில் மனமில்லை. ஆனாலும் தலையாட்டினான்.

மறுநாள் மத்தியானம் மகளோடு வந்த அங்கப்பன் காரை விட்டு இறங்கி நேரே மாட்டிடம் போனார். "மாட்டுப் பேரென்னங்க மாப்பிள்ளை?"

அதைக் கேட்டு வைக்க யாருக்குமே தோன்றவில்லை. "லட்சுமிங்க" என்று மதன் அடித்துவிட்டான்.

காப்பி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அங்கப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதானுங்க பாலு. டவுன்ல நாங்க குடிக்கறதெல்லாம் ஒரு பாலுங்களா?"

ராசாத்தாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். காலி பாக்கெட் அங்கே மேடைமேலேயே கிடந்தது.

வர்ஷினி மட்டும் வாசற்படியை விட்டு இறங்கவேயில்லை. மாட்டைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் வாடியது. போச்சு, இவளுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று மதன் நொந்துபோனான்.

அந்த நேரம் அவன் செல்போன் அடித்தது. தோப்பில் கரண்ட் வந்துவிட்டதென்று மோட்டார் பெட்டியிலிருந்து தகவல். பொத்தானை அமுக்கி மோட்டாரைப் போட்டுவிட்டு, வால்வு திருப்பக் கிளம்பினான். "நானும் வரட்டுங்களா?" என்று பின்வாசல் வழியாக வந்து நின்றாள் வர்ஷினி.

"போன்லயே மோட்டார் போடுவீங்களா?" என்றாள், நடந்துகொண்டே.

"ஆமாங்க. வால்வு திருப்பறது, சொட்டுநீர் பில்டர் அலசறது மட்டுந்தான் கைவேலை. மத்த நேரமெல்லாம் தேங்காய் வியாபாரிகிட்டப் பேசியே தொண்டை வத்திப்போகும்."

அவள் சிரித்தாள். பிறகு தயங்கினாள். "ஒண்ணு கேக்கறனுங்க. இங்க வந்தா மாடு கறக்கறது என்ர வேலைங்களா? எனக்கு மாடுன்னாலே பயங்க. அப்பாகிட்டச் சொன்னா சிரிக்கறாரு. வேண்டாம்னு சொல்லிரலாம்னுதான் இருந்தேன்."

மதன் தவித்துப்போனான். மாடு உண்டு என்றால் மகள் போய்விடுவாள். இல்லை என்றால் அப்பா போய்விடுவார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மாடு எங்களுது இல்லீங்க. உங்கப்பாவுக்காக இரவல் வாங்கிக் கட்டுனது. எனக்கும் கறக்கத் தெரியாதுங்க."

"அப்ப அந்தக் காப்பி?"

"பாக்கெட்டுங்க."

அவள் தென்னைமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மதனுக்குப் பாதி உயிர் திரும்பிவந்தது.

இருவரும் பின்வாசல் வழியாகவே திரும்பி வாசற்படிக்கு வந்தபோது வேப்பமரத்தடியில் மயிலாத்தாள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க ராசாத்தா, பால் வண்டி வந்துருமுங்க. வா செவலை, ஊட்டுக்குப் போலாம்."

"லட்சுமி இல்லீங்களா?" என்றார் அங்கப்பன்.

ராசாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். மதன் முன்னால் வந்து நின்றான். "தப்புத்தானுங்க மாமா. எங்க ஊட்டுல மாடே கிடையாதுங்க."

அங்கப்பனின் முகம் கறுத்தது. காலி டம்ளரை வெறித்தார். "அப்ப நான் குடிச்சது?"

"நம்ம ஊட்டுல வாங்கறமே, அதே பாக்கெட் பாலுங்கப்பா" என்றாள் வர்ஷினி. மாடும் கன்றும் வாசலைத் தாண்டியதும், படியை விட்டு முற்றத்தில் இறங்கி மதன் பக்கத்தில் நின்றாள். "எனக்கு இந்த ஊடு புடிச்சிருக்குங்கப்பா. மாடு இல்லாததுனாலதான்."

அங்கப்பன் போகிற மாட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு டம்ளரை ராசாத்தாளிடம் நீட்டினார்.

"இன்னொரு காப்பி போடுங்க சம்பந்தி. நல்லாத்தான் இருந்துது."