ஒளிவுமறைவில்லை டாட் காம்

வணிக வரலாற்றை எழுதப் போகிறவர்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். அறம் என்ற அரும்பொருள், வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் வசதியோடு இணையத்தில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். இடம், செருப்பு அலமாரியும் ரிப்பேரான மிக்ஸியும் சேர்ந்து குடியிருந்த ஒரு முன்னறை. முந்தின நாள்வரை காப்பீட்டு அலுவலகத்தில் உதவி மேலாளராக இருந்தவர் அந்த அறையின் நடுவில் நின்று, தம் மனைவியையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சாட்சியாக வைத்துக்கொண்டு, இனி உலகம் பழைய உலகமாக இருக்காது என்று அறிவித்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்க வந்தவர். உரை முடியும்வரை காத்திருந்து ஏணியை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அவர் தம்மை நிறுவனர் என்று சொல்லிக்கொண்டார். நாமும் அப்படியே சொல்வோம். காசா பணமா.

தொழில் இதுதான். கஷ்டத்தில் இருக்கும் பெண்களைத் தேடிப் பிடித்துத் துணிப்பை தைக்கச் சொல்வது. அதை இணையத்தில் விற்பது. துணிப்பை எந்த மூலைக் கடையிலும் கிடைக்கும் என்பது நிறுவனருக்கும் தெரியும். அவர் விற்றது பையை அல்ல, அதை மாட்டிக்கொண்டு நடக்கும்போது வருகிற நிம்மதியை. ஒவ்வொரு பையின் உட்புறத்திலும் ஒரு க்யூஆர் கோடு. போனைக் காட்டினால் தைத்தவரின் கதை, அவர் உட்காரும் அறை, அறையின் ஜன்னல் எல்லாம் விரியும். போதாதென்றால் கேள்வி கேட்கலாம். எது கேட்டாலும் பதில் உண்டு. கேட்டவரிடம் மறைப்பது பொய் சொல்வதற்குச் சமம் என்பது நிறுவனத்தின் கொள்கை. சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. தைப்பவரின் தெருப்பெயரையும் இணையப் பக்கத்திலேயே போட்டுவிட வேண்டும் என்றுதான் அவர் விரும்பினார். மனைவி பிடிவாதமாக வேண்டாம் என்றதால் அது மட்டும் விடுபட்டது. பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் வீட்டில் ஒரு முட்டுக்கட்டை இருக்கத்தான் செய்யும் என்று தம்மைத் தேற்றிக்கொண்டார்.

நிறுவனத்தின் பெயர் ஒளிவுமறைவில்லை டாட் காம். ஆங்கில எழுத்தில் அதைத் தட்டி முடிப்பதற்குள் பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். சின்னதாக ஒரு பெயர் வைக்கலாமே என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். அறத்தைச் சுருக்க முடியாது என்றார் நிறுவனர். பைகளை மடிப்பது, கோடு ஒட்டுவது, பெட்டி கட்டுவது, வருகிற கேள்விகளுக்கு அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது ஆகிய சில்லறை வேலைகள் அவளுடையவை. மற்றதெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். அதாவது, கொள்கையை.

தைத்தவர்களில் ஒருவர் தையல்காரம்மா. டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில், பள்ளிக்கூடம் போகிற சின்ன மகளோடு இருந்தார். சொந்த ஊர் எது என்று கேட்டால் தூரம் என்பார். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். படம் எடுக்கப் போனபோது, முகம் வேண்டாம் சார், கையை மட்டும் எடுத்துக்குங்க என்று கேட்டுக்கொண்டார். நிறுவனருக்கு மனசே ஆறவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவர், மறைத்ததை மறைக்கக் கூடாது என்ற உயர்ந்த நோக்கத்தில், படத்துக்குக் கீழே இப்படி எழுதி வைத்தார்: "இவர் தம் முகத்தைக் காட்ட விரும்பவில்லை. காரணம் கேட்டோம், சொல்லவில்லை."

இதைவிட உரக்க ஒருவரைக் கூப்பிட்டுக் காட்ட முடியாது.

படத்தில் இருந்தது தையல் மிஷினின் ஊசிக்கடியில் துணியைத் தள்ளுகிற இரண்டு கைகள். இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு. இஸ்திரிப் பெட்டியின் கூர்முனை பதிந்தது போல முக்கோணமாக இருந்தது. நிறுவனர் அதைத் தனியாகப் பெரிதாக்கி, "உழைப்பின் முத்திரை" என்று தலைப்புக் கொடுத்தார். மற்றவர்களின் பக்கங்களைவிட அந்தப் பக்கத்துக்கு மவுசு அதிகம்.

நல்லுள்ளம் என்ற பெயரில் ஒரு வாடிக்கையாளர் வந்து சேர்ந்தது அதன் பிறகுதான். அவர் தையல்காரம்மாவின் பைகளை மட்டும் வாங்கினார். வாங்கினார், திரும்பவும் வாங்கினார். ஒரு மனிதனுக்கு இத்தனை பை எதற்கு என்று மனைவிக்குத் தோன்றியது. நிறுவனருக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு பைக்கும் ஒரு கேள்வி வரும். காலை வெயில் அந்த ஜன்னலில் விழுமா? வீடியோவில் பின்னால் தடதடவென்று ஒரு சத்தம் கேட்கிறதே, கீழே பட்டறையா? பாப்பா பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போகிறதா, தனியாகவா? ஒன்றும் அவசரமில்லை, முடிந்தபோது சொன்னால் போதும் என்று முடித்திருப்பார். நிறுவனர் ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பேச்சுவாக்கில் விசாரித்து வந்து, பாப்பாவின் சீருடை நிறம் உட்பட, பதில் அனுப்ப வைத்தார். நல்லுள்ளம் ஒருமுறைகூட முகவரி கேட்கவில்லை. அந்தப் பண்புதான் தம்மை உருக்கிவிட்டது என்று நிறுவனர் சாப்பிடும்போதெல்லாம் சொன்னார்.

பிறகு ஒரு நாள், "பைகள் வந்து சேர்ந்தன, தையல் நேர்த்தி" என்ற அவருடைய பாராட்டுக்குக் கீழே இந்த வரி இருந்தது: "முழங்கைக்கு மேலே இருப்பது ஆறிவிட்டதா?"

மனைவி அதை இரண்டாம் முறை படித்தாள். பிறகு படத்தைத் திறந்து பார்த்தாள்.

"ஏங்க, போட்டோல மணிக்கட்டு வரைக்கும்தானே இருக்கு. முழங்கைக்கு மேல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. இந்தாளுக்கு எப்படித் தெரியும்?"

"அக்கறை இருக்கறவங்களுக்கு எல்லாம் தானாத் தெரியும்," என்றார் நிறுவனர்.

"எனக்கும் அக்கறை இருக்கு. தெரியலையே."

"நீ பேக்கிங் பாக்கறே. அது வேற."

அவள் விடவில்லை. இது அந்தம்மாவை விட்டுப் போன ஆளாக இருக்கும், இல்லையென்றால் அந்தம்மா விட்டு வந்த ஆளாக இருக்கும், இனிமேல் ஒரு வரிகூடப் பதில் போட வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னாள். நிறுவனர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். ஒரு மனிதரை அவர் முதுகுக்குப் பின்னால் சந்தேகப்படுவது அறமாகாது என்ற முடிவுக்கு வந்தார். அறமானது எது? அவரையே கேட்டுவிடுவது. நீங்கள் அவருடைய கணவரா என்று கேட்டுத் தாமே தட்டச்சு செய்து அனுப்பினார். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

ஆமாம், கணவன்தான். கோபத்தில் தவறு செய்தவன். அதற்காக அழாத நாளில்லை. நேரில் வந்து காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், பாப்பாவைப் பார்க்க வேண்டும். தாங்கள் அனுமதித்தால் நாளைக் காலையிலேயே வர முடியும். ஒரே ஒரு வேண்டுகோள், அவளிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், மனசு கலங்கிவிடுவாள்.

நிறுவனரின் கண்களில் நீர் கோத்துக்கொண்டது. "பாத்தியா? கேட்டதும் ஒத்துக்கிட்டார். ஒரு வார்த்தை மறைக்கலை. நம்ம கொள்கைக்கு உதாரணமே இந்த மனுஷன்தான். மறைச்சது யாரு? அந்தம்மாதான்." அந்த மறுசந்திப்பை வீடியோ எடுத்து முகப்புப் பக்கத்தில் போடுவது என்றும் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. அந்த ஆள் கேட்காமலே, பேருந்து நிலையத்திலிருந்து டயர் கடைக்கு வழி எழுதி அனுப்பினார்.

"யார்கிட்டயும் எதையும் மறைக்கக் கூடாதுன்னு சுவத்துல ஒட்டியிருக்கு," என்றாள் மனைவி. "அந்தம்மாகிட்ட மட்டும் மறைக்கலாமா?"

"அதுக்குப் பேர் மறைக்கறது இல்ல. சர்ப்ரைஸ்."

மத்தியானம் அவர் கேமராவுக்கு ஸ்டாண்டு இரவல் வாங்கக் கிளம்பினார். மனைவி வெட்டுத்துணிக் கட்டு ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு டயர் கடை மாடிப்படியில் ஏறினாள்.

மனைவி சொன்னதைத் தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முழங்கை என்ற சொல் வந்ததும் கால் தானாக நின்றது. சக்கரம் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றி ஓய்ந்தது.

"குரல் கேட்டீங்களா?"

"இல்லக்கா. எழுத்துதான். ரொம்ப மரியாதையா எழுதறாரு."

"மரியாதையாத்தான் பேசுவாரு. இஸ்திரிப் பெட்டி சூடாகற வரைக்கும் மரியாதையாத்தான் பேசிக்கிட்டிருப்பாரு."

மனைவி போலீஸ் என்று ஆரம்பித்தாள். தையல்காரம்மா அலுப்போடு சிரித்தார். "போயிருக்கேன் தங்கச்சி. அங்கயும் மரியாதையாத்தான் பேசினாரு. அவருக்கு நாற்காலி போட்டு உக்கார வெச்சாங்க."

தையல்காரம்மா எழுந்தார். கொடியில் காய்ந்தது, அடுப்பில் இருந்தது, அலமாரியில் மடித்தது என்று ஒரே மூட்டையாகக் கட்டினார். எது முதலில், எது கடைசியில் என்று கைக்குத் தெரிந்திருந்தது. இது முதல் தடவை இல்லை என்று மனைவிக்குப் புரிந்தது. மிஷினைத் தூக்க முடியாது. அதன் தலையை ஒருமுறை துணியால் துடைத்தார், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் போய், குழந்தையின் மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று மனைவி சொன்னாள். நிறுவனத்தின் வரலாற்றில் அதுதான் முதல் பொய், தங்குதடையில்லாமல் வந்தது. முன்பு தன்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி வெளியூரில் பெண்கள் விடுதி நடத்துகிறாள். அவளுக்குப் போன் போட்டுப் பேசி, இருவரையும் பேருந்தில் ஏற்றிவிட்டாள். ஜன்னல் சீட்டு வேண்டும் என்று குழந்தை அடம்பிடித்தது. வேண்டாம் என்று அம்மா உள்பக்கமாக உட்கார வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நிறுவனர் ஸ்டாண்டு சகிதம் போனார். உச்சி வெயிலில் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். நடந்ததைக் கொட்டித் தீர்த்தார். அறை திறந்து கிடந்ததாம், ஆள் இல்லையாம். இவ்வளவு உதவி செய்த நிறுவனத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அந்த மனிதர் மட்டும் ஒரு துளி கோபப்படவில்லை. மடிப்புக் கலையாத சட்டை. உள்ளே போய்த் தையல்காரம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்து, மிஷின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தாராம். பாதி தைத்துக் கிடந்த பையை நான்காக மடித்து வைத்துக்கொண்டாராம். பிறகு ஜன்னல் பக்கம் போய், நீங்கள் சொன்ன மாதிரியே காலை வெயில் விழுகிறது என்றாராம்.

"நேத்து மத்தியானம் நீ துணி குடுக்கப் போனியாமே. டயர் கடைக்காரர் சொன்னார்."

மனைவி பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். "போனேன்."

"நீதான் சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியும். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"நீதான் சொல்லியிருப்பே, எங்க போனாங்கன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு. மறைக்க முடியுமா?"

நாடா கத்தரிக்கோலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அவள் அதைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். "அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"உன்னை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னார். நீ ஒட்டற பெட்டி எல்லாம் ரொம்ப நேர்த்தியா இருக்குமாம். ஒரு மூலைகூடப் பிரிஞ்சு வந்ததில்லையாம்."

எனக்கு ஒன்றும் தெரியாது என்றாள் மனைவி. நிறுவனர் நம்பினாரா என்று சொல்ல முடியாது. அவர் எழுந்து செருப்பு அலமாரியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். அது இருந்த இடத்தில் ஒரு மேஜையைப் போட்டார். மனைவியின் மேஜைக்கு நேர் எதிரே, அவள் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடம். மேலே இருந்த தூசியைத் தம் கையாலேயே தட்டினார். அவள் போனை எடுத்து, தோழியின் எண்ணை அழித்தாள். அழித்த பிறகும் போனைக் கீழே வைக்கவில்லை.

நிறுவனர் நடு அறைக்கு வந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். காணாமல் போன பயனாளியைத் தேடிக் கண்டுபிடிப்பது நிறுவனத்தின் தார்மீகக் கடமை. அந்தக் கடமைக்கு நல்லுள்ளத்தைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். தைக்கிற பெண்கள் அத்தனை பேரின் முகவரிகளும் இனி அவர் பொறுப்பில் இருக்கும். நாளைக் காலையிலிருந்து அவர் அந்த மேஜையில் உட்காருவார்.

சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.