கேசரிப் பவுடர் சோதனை

துடியலூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளியல், சமையல் கழிவுநீரைத் தெளியவைக்க மானசா ஒரு செயற்கைச் சதுப்பை வடிவமைத்திருந்தாள். தலைமுனையில் விடும் நீர் கடைமுனைக்கு வர இரண்டு நாள் ஆகும் என்று கணினி சொன்னது. அதைச் சோதிக்கத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் கரைத்து ஊற்றிய கேசரிப் பவுடரின் நிறம், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கடைமுனைக்கு வந்துவிட்டது. நாலு மணி நேரத்தில் எந்த அழுக்கும் போகாது.

குடியிருப்புச் சங்கத் தலைவர் சென்னகேசவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “ஞாயித்துக்கெழம கூட்டமிருக்குதும்மா. அதுக்குள்ள செரியாகலீன்னா மண்ணக் கொட்டிக் காரு நிறுத்திக்குவோம்.”

அவளுக்கு ஒரு வருட உழைப்பு. அவருக்கு ஆறு கார் நிறுத்தும் இடம்.

மானசா செருப்பைக் கழற்றிவிட்டு நீரில் இறங்கினாள். கோரையும் கல்வாழையும் நூல் பிடித்த மாதிரி நின்றன. வரிசைகளுக்கு நடுவே, நீர் ஓடும் திசையிலேயே, முழ அகலத்துக்குச் சந்து. அவளுடைய வரைபடத்தில் செடிகள் எங்கும் கலந்து பரவியிருந்தன.

“அக்கா, ஏனுங்க இப்படி வரிசையா நட்டீங்க?”

தோட்ட வேலை பார்க்கும் பழனியாத்தாள் இடுப்பில் கை வைத்தாள். “மஞ்சக்காட்டுல இப்படித்தானுங்க அம்மணி நடுவோம். களையெடுக்கக் காலு வெக்க எடம் வேண்டாமா? நீங்க கம்ப்யூட்டரு பொட்டிக்குள்ளயே நட்டுப்போட்டீங்க, உங்களுக்கென்ன!”

வரைபடத்தைக் கொடுத்த மானசா, நடும்போது வந்து பார்க்கவில்லை. சந்துகளை டேப் பிடித்து அளந்து கணினியில் ஏற்றினாள். நாலே கால் மணி நேரம் என்றது. இத்தனை நாளும் அது இல்லாத ஒரு தோட்டத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

சந்துகளைத் திரையில் அங்கங்கே குறுக்கே அடைத்துப் பார்த்தாள். முந்நூறு செடித் தூர்களை இடம் மாற்றினால் போதும், நாற்பத்தேழு மணி நேரம் கிடைக்கும். புதன் மாலைக்குள் இருவரும் பெயர்த்து நட்டு முடித்தார்கள். களையெடுக்கக் கரையோரமாக ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம் என்று பழனியாத்தாள் ஒப்புக்கொண்டாள்.

வியாழன் காலை எட்டு மணிக்கு மறுபடி பவுடர். சென்னகேசவன் மதியம் வந்து எட்டிப் பார்த்தார். நிறம் இல்லை. சாயங்காலமும் இல்லை. வெள்ளிக்கிழமை காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். சனிக்கிழமை விடிந்தபோதுதான் கடைமுனையில் லேசாக மஞ்சள் தட்டியது. நாற்பத்தாறு மணி நேரம்.

சென்னகேசவன் தொண்டையைச் செருமினார். “இங்க ரெண்டு பெஞ்சு போட்டா உக்காரலாமில்லம்மா?”

“போடலாங்க சார். எங்கன்னு பாத்துச் சொல்றேன்” என்று மானசா லேப்டாப்பைத் திறந்தாள்.

“அதுக்குமா?” என்றாள் பழனியாத்தாள். “நெழலு இருக்கற பக்கம் போடுங்க அம்மணி!”