தினம் ஒரு போட்டோ

என் புருஷன் நெத்தியில பூசின சாம்பல் அழியவே இல்ல. எனக்குச் சந்தேகம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

நான் கெர்ட்ரூட், எம் புருஷனுக்கு ட்ரூடி. லாயாங் லாயாங்னு ஒரு சின்ன ஊர்ல பள்ளிக்கூட கேண்டீன் நடத்துறேன். ரிசெஸ் மணி அடிச்சா பிள்ளைங்க அத்தனை பேரும் ஒரே நேரத்துல வந்து விழுவாங்க. அந்த இரைச்சலுக்கு மேல கத்திக் கத்தியே என் தொண்டை இப்படி ஆயிடுச்சு. நான் சும்மா பேசினாலே சண்டை போடுறேனோன்னு ஆளுங்க திரும்பிப் பார்ப்பாங்க. நிஜமாவே சண்டை போட்டா கேக்கவே வேணாம். என் வூட்டுக்காரரு அமலநாதன் எனக்கு நேர்மாறு. ரயில்வேயில வேலை செஞ்சவரு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்ல. கோபம் வந்தா செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய ஒரு நடை போயிட்டு வருவாரு, அவ்வளவுதான்.

டிமென்ஷியா வந்த பிறகும் அந்த நடைதான் போகல. காலையில எழுந்ததும் டூட்டிக்கு நேரமாச்சும்பாரு. ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு சொன்னா என்னையே ஒரு மாதிரி பார்ப்பாரு. ரயில் பாதைக்கு ரெண்டு பக்கமும் வேலி போட்டிருக்கான். இவரு எங்கயோ ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சு உள்ள போயிடுவாரு. ஒரு நாள் ரயில் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கு, நான் கேண்டீன்ல மீ நூடுல்ஸ் கிண்டிக்கிட்டு நிக்கிறேன். யாரோ ஓடி வந்து, "அக்கா, உங்க வூட்டுக்காரரு தண்டவாளத்துல நிக்கிறாரு"ன்னு சொன்னாங்க. அன்னிக்கு நான் ஓடின ஓட்டம் எனக்குத்தான் தெரியும். அவரு அங்க சாவகாசமா கையைக் காட்டி ரயிலை நிறுத்திக்கிட்டு நிக்கிறாரு. டிரைவர் இறங்கி வந்து என்னைத் திட்டினான். திட்டட்டும், ஆளு உசுரோட இருந்தாருல்ல.

அதுக்கப்புறம் அவரை உள்ள வச்சு வூட்டுக் கேட்டைப் பூட்டிட்டு வேலைக்குப் போனேன். அவரு கேட்டு மேல ஏறினாரு. என் மகன் ஆலன் சிங்கப்பூர்ல இருக்கான். தினம் எல்லைப் பாலம் தாண்டி வந்து பார்க்க முடியுமா அவனால? அவனும் நானுமா முதியோர் ஹோம் தேடி அலைஞ்சோம். நடமாடுற டிமென்ஷியா ஆளுன்னாலே எல்லா ஹோமும் கையெடுத்துக் கும்பிட்டுது. படுத்த படுக்கையா இருந்தா சேர்த்துக்குவாங்களாம், நடந்தா வேணாமாம்! கடைசியா குளுவாங்ல ஒரு ஹோம் சரின்னுச்சு.

அதைப் பார்த்துக்கிற பொண்ணு பேரு பிரேமலா. சின்ன வயசு, மெல்லிசா ஒரு குரல், எப்பவும் சிரிச்ச முகம். "கவலைப்படாதீங்க ஆண்ட்டி. எங்ககிட்ட ஒளிவு மறைவே கிடையாது. தினம் மத்தியானம் குடும்பங்க எல்லாரும் இருக்கிற வாட்ஸாப் குரூப்ல அங்கிள் போட்டோ வந்துடும்"னா. சொன்ன மாதிரியே வந்துச்சு. நாளுக்கொரு சட்டை, தலை வாரி, நாற்காலியில நேரா உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாரு. நான் அதை மாதா கோயில்ல எல்லாருக்கும் காட்டுவேன். ஞாயித்துக்கிழமை போய்ப் பார்ப்பேன். மத்த நாளு, அந்தப் போட்டோ வந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன் அன்னிக்கு எங்க கோயில்ல இருந்து எலைன் போய், ஹோம்ல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு நெத்தியில சாம்பல் பூசிட்டு வந்தா. மத்தியானம் போட்டோ வந்துச்சு. நீலச் சட்டை, நெத்தியில சாம்பல் சிலுவை. எலைன் கை நடுங்குற கை. சிலுவையோட ஒரு பக்கம் இடது புருவம் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயிருந்துச்சு. நல்லாத்தான் பூசியிருக்கான்னு சிரிச்சேன்.

வியாழக்கிழமை கட்டம் போட்ட சட்டை. நெத்தியில சாம்பல் அப்படியே இருக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை. அப்பவும் இருக்கு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! போனைப் போட்டு, "ஏம்மா பிரேமலா, எம் புருஷனுக்கு ஒரு வாளித் தண்ணி ஊத்த உங்களுக்கு வலிக்குதா? புதன்கிழமை வச்ச சாம்பல் இன்னும் நெத்தியில இருக்கு"ன்னு கத்தினேன். "அய்யோ ஆண்ட்டி, தினம் காலையில குளிக்க வைக்கிறோம். சத்தியமா"ன்னா. மூஞ்சிய மட்டும் விட்டுட்டுக் குளிப்பாட்டுவீங்களான்னு திட்டிட்டு போனை வச்சிட்டேன். குளிப்பாட்டலைன்னுதான் நினைச்சேன். அதுக்கு மேல என் புத்தி போகல.

சனிக்கிழமை பச்சைச் சட்டையில வந்துச்சு. சாம்பல் அதே இடத்துல, புருவத்துக்கு இழுத்த அதே கோடு. கழுத்துல நீலச் சட்டையோட காலர் நுனி லேசா வெளிய தெரியுது. ஒரு சட்டைக்கு மேல இன்னொரு சட்டையை மாட்டி எடுத்திருக்காங்க! நாலு போட்டோவும் புதன்கிழமை ஒரே உட்காரல்ல எடுத்தது. அப்படின்னா வியாழக்கிழமையில இருந்து என் புருஷன் எப்படி இருக்காருன்னு எனக்குத் தெரியாது. சேசுவே! பாத்திரத்தை அப்படியே போட்டுட்டு காடியை எடுத்து ஹோமுக்கு ஓட்டினேன்.

கேட்டுல மணி அடிச்சா யாரும் வரல. அடிச்சுக்கிட்டே நின்னேன். அப்புறம் பிரேமலா வந்தா. சிரிப்பு இருந்துச்சு, ஆனா கேட்டைத் திறக்கல. "இன்னிக்கு விசிட்டிங் இல்ல ஆண்ட்டி. உள்ள ரெண்டு பேருக்குச் சளி"ன்னா. எனக்கு வராத சளியா, திற கேட்டைன்னேன். தெருவுல ஆளுங்க வெளிய வந்து பார்க்க ஆரம்பிச்ச பிறகுதான் திறந்தா.

அவரு ஹால்ல உட்கார்ந்திருந்தாரு. நெத்தி சுத்தமா இருந்துச்சு. இடது கன்னம் ஊதா நிறத்துல வீங்கிக் கிடக்கு. காதுக்குப் பக்கத்துல புண்ணு காய்ஞ்சு பொருக்குத் தட்டியிருக்கு. கையைப் பிடிச்சேன். ரெண்டு மணிக்கட்டுலயும் சுத்திச் சிவப்பா வரி வரியா. அவரு என்னைப் பார்த்து, "டிக்கெட் வாங்கிட்டீங்களா?"ன்னு மரியாதையா கேட்டாரு.

"நேத்து பாத்ரூம்ல வழுக்கிட்டாரு ஆண்ட்டி. இன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன்."

"நேத்து விழுந்த புண்ணு இன்னிக்குப் பொருக்குத் தட்டுமா? கையில என்ன இது? கட்டிப் போட்டீங்களா?"

"அங்கிள் எழுந்து நடந்துடுறாரு. எங்களுக்கு ஆளு பத்தல லா. துணியாலதான், லேசாத்தான்... அவரு பாதுகாப்புக்குத்தான்."

"போட்டோ?"

அதுக்கு அவ வெக்கப்படவே இல்ல. "தினம் எல்லாருக்கும் சட்டை மாத்தி எடுக்க நேரம் எங்க ஆண்ட்டி? புதன்கிழமை மொத்தமா எடுத்து வச்சிடுவோம். குடும்பத்துக்கு ஒரு சந்தோஷம்தானே"ன்னா. மேல கேமரா இருக்கே, அதுல பதிவானதைக் காட்டுன்னேன். மத்தவங்களும் அதுல இருக்காங்களாம், அவங்க பிரைவசியாம், காட்டக் கூடாதாம். அந்தக் கேமராவைத்தான் சேர்க்க வந்த அன்னிக்கு எனக்குப் பெருமையாக் காட்டினா.

காடியில உட்கார்ந்து, நாலு போட்டோவையும் நான் இப்ப எடுத்த முகத்தையும் குரூப்ல போட்டேன். "உங்க ஆளுங்களையும் போய்ப் பாருங்க"ன்னு குரல்ல பேசி அனுப்பினேன். எல்லாரும் திரண்டு வந்துடுவாங்கன்னு நினைச்சேன். பார்த்ததா நீல டிக் மட்டும் விழுந்துக்கிட்டே இருக்கு, ஒருத்தரும் வாய் திறக்கல. கொஞ்ச நேரத்துல ஜெயசங்கர் கூப்பிட்டாரு. குளுவாங்ல வக்கீலா இருக்கிறவரு. அவங்க அம்மா செல்லப்பாக்கியம் அங்கதான் இருக்காங்க.

"மிஸஸ் அமல், நீங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. தயவுசெஞ்சு அதை அழிச்சிடுங்க."

"என்ன சார் பேசுறீங்க? வக்கீல் நீங்களே இப்படிச் சொன்னா?"

"இந்த இடத்தை மூடிட்டா நான் அம்மாவை எங்க கொண்டு போவேன்? ராத்திரி பூரா அலறுறவங்க. ரெண்டு ஹோம்ல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. என் மனைவி முடியாதுன்னு சொல்லிட்டா." அந்த மனுஷன் குரல் உடைஞ்சு போச்சு. "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

நான் அதை அழிக்கல. அன்னிக்குச் சாயந்தரமே குரூப்ல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க.

ஆலனுக்குப் போன் போட்டேன். அவன் அழுதான். அழுதுட்டு, "சரி மம்மி, டேடியைக் கூட்டிட்டு வந்துடுவோம். யாரு பார்த்துக்குவா?"ன்னு கேட்டான். நான் பார்த்துக்குவேன்னு சொல்ல வாயைத் திறந்தேன். ரயில் ஹாரன்தான் காதுல கேட்டுச்சு.

இருந்தாலும் விடக் கூடாதுன்னு சமூக நல ஆபீஸ்ல போய் புகார் குடுத்தேன். நாள் குறிச்சு, ஹோமுக்கும் சொல்லிட்டுத்தான் ஆபீசர் வருவாங்களாம். திருடன் வீட்டுக்குப் போன் போட்டுட்டுப் போலீஸ் போற மாதிரி இருக்கேன்னு அந்தக் கவுண்டர்லயே சொன்னேன். அங்க இருந்தவங்க சிரிச்சாங்க.

ஆபீசர் வந்த அன்னிக்கு ஹோமைப் பார்க்கணுமே! புது விரிப்பு, புதுத் திரை, ஹாலெல்லாம் லாவெண்டர் வாசம். நான் அதுவரைக்கும் பார்க்காத ரெண்டு பொண்ணுங்க யூனிபார்ம்ல நிக்கிறாங்க. அவரு கன்னத்து வீக்கம் வடிஞ்சிருச்சு. மணிக்கட்டுல லேசா ஒரு நிழல் மட்டும் இருந்துச்சு. ஆபீசர் ஒரு மலாய்க்காரப் பொண்ணு, ஆலன் வயசு இருக்கும். நல்ல பொண்ணு, குறை சொல்ல மாட்டேன். என் போன்ல இருந்த படத்தையெல்லாம் பொறுமையா பார்த்துச்சு. ஆண்ட்டின்னா மலாய்ல மக்சிக், அங்கிள்னா பக்சிக். "மக்சிக், காயம் தெரியுது. ஆனா விழுந்தாருங்கிறாங்க, நீங்க இல்லைங்கிறீங்க. பார்த்தவங்க யாராவது வேணும்"னுச்சு.

பிரேமலா அந்த மெல்லிசுக் குரல்ல, "ஆண்ட்டிக்கு ரொம்ப ஸ்ட்ரெஸ், பாவம். அங்கிள் எங்ககூட சந்தோஷமாத்தான் இருக்காரு"ன்னா.

எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ! "சந்தோஷமா? கட்டிப் போட்டு வச்சிட்டு சந்தோஷமாடி? மாடு கட்டுற மாதிரி கட்டிட்டு, ஆளு பத்தலன்னு என்கிட்டயே சொன்னியே, இப்ப சொல்லு பார்ப்போம்!" என் குரல் அந்த ஹால் சுவத்துல எல்லாம் மோதுது. ஜன்னல் பக்கத்துல ஒரு கிழவி காதைப் பொத்திக்கிட்டாங்க. இன்னொருத்தரு அழ ஆரம்பிச்சாரு. நான் நிறுத்தல. பிரேமலா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா.

ஆபீசர் பொண்ணு என்னைக் கையமர்த்திட்டு, "பக்சிக்கிட்டயே கேட்டுப் பார்க்கிறேன்"னுச்சு. எனக்கு ஒரு நம்பிக்கை வந்துச்சு. எம் புருஷன் பொய் பேச மாட்டாரு. எல்லாம் மறந்தாலும் மலாய் மறக்கல அவருக்கு. அந்தப் பொண்ணு அவரு முன்னால முட்டி போட்டு உட்கார்ந்து, மணிக்கட்டை மெதுவா தொட்டு, மலாய்ல கேட்டுச்சு: "பக்சிக், இது வலிச்சுச்சா? யாரு செஞ்சாங்க?"

அவரு நாற்காலியில ஒடுங்கிப் போய் உட்கார்ந்திருந்தாரு. அப்பத்தான் கவனிச்சேன், உடம்பு நடுங்குது. பிரேமலாவைப் பார்த்தாரு. யூனிபார்ம் பொண்ணுங்களைப் பார்த்தாரு. எல்லாரும் சத்தமில்லாம நிக்கிறாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாரு. கையைத் தூக்கி என்னை நேரா காட்டினாரு.

"இந்தப் பொம்பளைதான்"னாரு, தெளிவான மலாய்ல. "எப்பவும் கத்தும். எனக்குப் பயமா இருக்கு."

"என்னாங்க, நான் ட்ரூடி"ன்னேன். அதைக்கூட என்னால மெதுவா சொல்ல முடியல. அவரு முகத்தைக் கையால மறைச்சுக்கிட்டாரு.

ஆபீசர் பொண்ணு எழுந்து நின்னுச்சு. என்கிட்ட பேசின விதமே மாறிப் போச்சு. வீட்டுல இவரை யாரு பார்த்துக்கிட்டாங்க, வெளிய போகாம என்ன செஞ்சீங்க, பூட்டி வச்சீங்களான்னு கேட்டுச்சு. கேட்டைப் பூட்டினேன்னு சொன்னேன். பொய் சொல்லவா முடியும்? சொல்லும்போதே அது எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரிஞ்சுது. அவருக்கு மறதி, பயந்துட்டாரு, ஆளு தெரியாம சொல்றாருன்னேன். "அப்படியும் இருக்கலாம் மக்சிக். ஆனா அவர் சொன்னதை நான் விட்டுட முடியாது"னுச்சு. விசாரணை முடியிற வரைக்கும் நான் தனியா அவரைப் பார்க்கக் கூடாதாம். ஹோம் ஆளு ஒருத்தர் எப்பவும் கூட இருக்கணுமாம், அவரு பாதுகாப்புக்கு.

பிரேமலா வந்து என் முதுகைத் தடவினா. "மனசுல வச்சுக்காதீங்க ஆண்ட்டி, அவரு நினைவில்லாம சொல்றதுதானே"ன்னா. அந்தக் கையைத் தட்டி விடணும்னு உடம்பெல்லாம் துடிச்சுச்சு. தட்டி விட்டா அதையும் ஆபீசர் பார்க்கும். இவ மனசு வச்சாத்தான் இனிமே நான் உள்ளயே வர முடியும். கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

ஆபீசர் போன பிறகு அவரு கையை இறக்கினாரு. ஒரு யூனிபார்ம் பொண்ணு மைலோ கொண்டு வந்து குடுத்துச்சு. வாங்கி, அதுக்கு நன்றி சொல்லிட்டுக் குடிச்சாரு. எனக்கு அவரு பக்கத்துல போகணும். அந்த மணிக்கட்டை ஒரு தடவை தடவிக் குடுக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.

"பிரேமலா மேடம், அவரு பக்கத்துல நான் கொஞ்ச நேரம் உட்காரலாமா?"

அவ அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"உட்காருங்க ஆண்ட்டி. ஆனா பேசாதீங்க."

ஒரு நாற்காலியை எடுத்து அவரு பக்கத்துல போட்டு உட்கார்ந்தேன். அவரு தன் நாற்காலியை மெதுவா தள்ளி நகர்த்திக்கிட்டாரு.