மறுபடி உறைந்த கறி

கப்பல் முதலாளி போனை எடுப்பதை நிறுத்தியபோது, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற அந்தச் சரக்குக் கப்பலில் ஐந்து பேர் இருந்தார்கள். கேப்டன், இரண்டு மாலுமிகள், ஒரு சமையல்காரர், ஒரு மெக்கானிக். மெக்கானிக் வேறு யாருமில்லை, சமையல்காரரின் மனைவியுடைய தம்பி. "கூடவே வெச்சுப் பாத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் மனைவி. அவனுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் அக்காவுக்கு அவன் இன்னும் சின்னப் பிள்ளைதான்.

ஊர் கண்ணெதிரே தெரிந்தது. பஸ் போவதும் வருவதும்கூடத் தெரிந்தது. ஆனால் கப்பலை ஆளில்லாமல் விட்டுவிட்டு இறங்கத் துறைமுகம் சம்மதிக்கவில்லை. சம்பளம் நின்றது. பிறகு சாப்பாட்டுச் சாமான் கொண்டுவரும் படகும் நின்றது. மிஞ்சியது கொஞ்சம் அரிசியும், குளிர் அறையில் அடுக்கியிருந்த கறியும்தான்.

"அந்தக் கறி வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே, இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்?" என்று கேட்டார் கேப்டன்.

"நல்லா உறைஞ்ச நிலையிலேயே இருந்தா கெட்டுப்போகாது சார். ருசிதான் போகும். கொத்துக்கறி முதல்ல போயிடும், அதை முடிச்சிடலாம். அப்புறம் கோழி. ஆட்டுத்தொடை முழுசா இருக்கறதால ரொம்ப நாள் நிக்கும்."

அப்படித்தான் சமைத்தார். உறைபனி பட்டுக் காய்ந்து வெளுத்துப்போன ஓரங்களைச் சீவி எறிந்தார். மிச்சத்தை நிறையத் தண்ணீர் விட்டு, சிறு சூட்டில் வெகுநேரம் வேகவைத்தார். கறி நார்நாராக இருந்தது. "மாமா, இது ஆடா, ஆடு கட்டியிருந்த கயிறா?" என்பான் மச்சினன். மாலுமிகள் சிரிப்பார்கள். சிரித்தபடியே தட்டை வழித்துத் தின்பார்கள்.

டீசல் குறையக் குறைய, ஜெனரேட்டரைக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று ஓட்டினார்கள். சமையல்காரர் கறியை எல்லாம் நெருக்கி அடுக்கி, மேலே கம்பளி போர்த்தி, நாளுக்கு ஒரு முறைக்கு மேல் கதவைத் திறக்க விடவில்லை. அதுவரை எல்லாம் கல்லாகத்தான் இருந்தது.

பிறகு ஜெனரேட்டரே படுத்துவிட்டது. மாற்றிப் போட உதிரி பாகம் இல்லை. மச்சினன் கப்பல் முழுக்கத் தேடி, எதிலெதிலோ கழற்றி, அரத்தால் ராவி, பொருத்தினான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. நாலைந்து நாள் கழித்து அது இருமிக்கொண்டே உயிர் பெற்றபோது, கேப்டன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். குளிர் அறைக் கதவைத் திறக்க வேண்டாம், முதலில் நன்றாகக் குளிரட்டும் என்றான் அவன்.

மறுநாள் திறந்தபோது கறி பழையபடி கல்லாக இருந்தது. "பாத்தீங்களா மாமா! ஒண்ணும் ஆகல."

சமையல்காரர் ஐஸ் தட்டை எடுத்துப் பார்த்தார். தனித்தனிக் கட்டிகளாக இருந்த ஐஸ், ஒரே பாளமாகி ஒரு பக்கம் சாய்ந்து உறைந்திருந்தது. கறிப் பைகளைத் திருப்பினார். எல்லாப் பையிலும் ரத்தநீர் கீழ் மூலையில் தேங்கிக் கறுப்பாக இறுகியிருந்தது.

"உருகிட்டு மறுபடி உறைஞ்சிருக்கு. இத்தனை நாள் வெதுவெதுன்னு கிடந்திருக்கு. வேணாம், கடல்ல போட்டுடலாம்."

"நாத்தமே இல்லையே!"

"எல்லாம் நாறிக்கிட்டு வராது மாப்ளே."

"நல்லா கொதிக்க வெச்சா கிருமி செத்துடும்ல?"

"கிருமி சாகும். அது கக்கி வெச்ச விஷம் சாகாது."

மச்சினன் உரிந்த கைகளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "இதுக்குத்தான் நான் ராப்பகலா உழைச்சேனா? வெறும் சோத்தைத் தின்னு சாகச் சொல்றீங்களா?"

அவருக்கும் வயிறு காய்ந்துதான் கிடந்தது. கேப்டனைப் பார்த்தார். கேப்டன் கண்களை மூடி, சரி என்று தலையசைத்தார். ஒவ்வொரு பையாகச் சமையல்காரரே தூக்கிக் கடலில் போட்டார். மாலுமிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மச்சினன் அவரோடு பேசுவதை விட்டான்.

இரண்டு நாள் போனது. காலையில் மச்சினன் எழுந்து வரவில்லை. போய்ப் பார்த்தால், அறை முழுக்க வாந்தி. உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. வயிற்றோட்டம் நிற்கவேயில்லை.

"ஒரு தொடையை ஒளிச்சு வெச்சிருந்தேன் மாமா" என்றான், கண்ணைத் திறக்காமல். "பட்டறையில அடுப்பு வெச்சு வேகவெச்சேன். பஞ்சு மாதிரி வெந்துச்சு. நான் மட்டும் தின்னேன்."

சமையல்காரருக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. துணியை நனைத்து வாயைத் துடைத்துவிட்டார். "நீ பங்கு போடாததுக்காக இன்னிக்குத்தான்டா முதல் தடவையா சந்தோஷப்படறேன்" என்றார்.

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை மடக்கு மடக்காகப் புகட்டினார். உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. இடையில் மனைவி போன் செய்தாள்.

"தம்பி எங்க? அவன் போன் அடிச்சுக்கிட்டே இருக்கு."

"தூங்கறான்."

"இந்நேரத்துலயா?"

"வேலை அதிகம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கேப்டன் ரேடியோவில் விடாமல் கூப்பிட்டார். சம்பளம், டீசல், சாப்பாடு என்று அதுவரை சொன்னதற்கெல்லாம் "மேலே தெரிவிக்கிறோம்" என்றே பதில் வந்திருந்தது. ஆள் பிழைப்பானா தெரியவில்லை என்றதும் மதியத்துக்குள் ஒரு படகு வந்தது. அதில் வந்த டாக்டரம்மா நோயாளியைப் பார்த்துவிட்டுச் சமையலறையையும் எட்டிப் பார்த்தார். அரிசி டின்னைச் சாய்த்துப் பார்த்தார். குளிர் அறையைத் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. கதவைச் சாத்திவிட்டு, கேப்டனிடம், "இவ்வளவு நாளா இப்படியா?" என்று மட்டும் கேட்டார்.

தானும் கூடப் போகிறேன் என்று சமையல்காரர் கெஞ்சினார். நோயாளிக்கு மட்டும்தான் அனுமதி என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கும்போது மச்சினன் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டான். விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அன்று மாலை அவரே மனைவிக்கு போன் செய்து உள்ளதைச் சொன்னார். அவள் திட்டுவாள் என்று நினைத்தார். அழுகைதான் கேட்டது. பிறகு, "நீங்க தின்னீங்களா அதை?" என்றாள். "இல்ல." "சத்தியமா?" "சத்தியமா."

டாக்டரம்மா எழுதிய அறிக்கையால் துறைமுகம் அசைந்தது. முதலில் தண்ணீரும் காய்கறியும் வந்தன. மச்சினனுக்கு உயிர் தங்கியது. நடக்க முடிந்ததும் ஊருக்கு அனுப்ப டிக்கெட் போட்டார்கள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் துறைமுக அலுவலகத்துக்குப் போய், வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். மற்ற நாலு பேரும் இறங்கும் வரை நகர மாட்டேன் என்றான். தினமும் போனான். கடைசியில் கப்பலுக்குக் காவலாட்களை ஏற்பாடு செய்து, எல்லோரையும் இறக்க உத்தரவு போட்டார்கள்.

அழைத்துப் போக வந்த படகில் அவனும் இருந்தான். சட்டைக்குள் உடம்பே இல்லை. சமையல்காரர் கயிற்றேணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே அவன் ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மெதுவா மாமா. நான் பிடிச்சிருக்கேன்."

அவர் படகில் கால் வைத்ததும், மச்சினன் அவர் தோளில் அப்படியே சாய்ந்தான். பிறகு போனை எடுத்து நம்பரை அழுத்தி, அவர் கையில் கொடுத்தான்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க, இறங்கிட்டோம்னு."

எதிர்முனையில் அவள் "ஹலோ, ஹலோ" என்றாள். "இறங்கிட்டோம். உன் தம்பி என் தோள்லதான் சாஞ்சிருக்கான்" என்றார்.