பனி நாளில் ஒரு துண்டு சீஸ்

ஆஷ்விக் ஊருக்குச் சந்தை என்றால் வியாழக்கிழமைதான். எழுநூறு வருஷத்துக்கு முன் ஒரு ராஜா எழுதிக் கொடுத்த உரிமை. ராஜாக்கள் எதையும் சும்மா கொடுப்பதில்லை. வியாழன் உச்சிவேளை மணி அடிப்பதற்குள் சதுக்கத்தில் தின்பண்டம் ஒன்றாவது விலைபோக வேண்டும். தவறினால் சந்தை பக்கத்து ஊரான ஸ்டோக்பரிக்குப் போய்விடும். கொள்ளைநோய்க் காலத்திலும் ஆஷ்விக் தவறவில்லை. ஆனால் இந்த வியாழன் பனி கொட்டித் தீர்த்துவிட்டது.

வால்டர் பென்னக்கின் வேன், சீஸ் அத்தனையோடும், மேட்டுச்சாலையில் புதைந்து நின்றது. முழங்கால் பனியில் வெறுங்கையோடு நடந்து வந்தவர், சதுக்கத்தில் ஒரே ஒரு கடையைப் பார்த்தார். பார்த்ததும் வயிறு எரிந்தது. டோரீன் ஹெப்பிளின் கடை.

அவளும் சீஸ்காரிதான். இருபது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்துக் கடை, எலியும் பூனையும்தான். அவள் சீஸைச் சவுக்காரம் என்று வால்டர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஒரு துணுக்குகூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

"வாய்யா வால்டர், ஒன்ன விட்டா வாங்க ஆளில்ல," என்றார் கோயில் வாசலில் நின்ற மணிக்காரர் ஹியூபர்ட். "நான் சாட்சி, நான் வாங்கினா செல்லாது. மணியாகப் போவுது."

வால்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஷ்விக்கில் காசு கொடுத்தால் மட்டும் வியாபாரம் ஆகாது. சதுக்கத்து நடுவிலிருக்கும் கல்சிலுவைக்கு அடியில் நின்று தின்றுபார்த்து, 'சரக்கு நல்லது, எனக்குச் சம்மதம்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். மௌனம் சம்மதம் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

"என் தொப்பிய வேணா நீ வாங்கிக்கயேன் டோரீன்."

"அதத் தின்னுட்டு நல்லதுன்னு சொல்ல என்னால ஆவாது. பேசாம வா."

அவள் ஒரு துண்டு வெட்டி நீட்டினாள். முகத்தில் சிரிப்பில்லை, கத்தியைக் கீழே வைக்காமல் அவர் வாயையே பார்த்தாள். மணியாகிவிடும் என்ற பயம்தான் என்று வால்டர் நினைத்துக்கொண்டார். சந்தை போய்விட்டால் நாம் யார் என்றும் நினைத்தார். காசை அவள் கையில் வைத்து, சிலுவைக்கு அடியில் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார்.

பாவி மகள். வறுத்த கொட்டை வாசம், அடியில் மெல்லிய புளிப்பு, அதற்கும் அடியில் வெயில்காலத்துப் புல். தன் வாழ்நாளில் அப்படி ஒன்றை அவர் செய்ததில்லை. கோபம் வந்தது, அப்புறம் வெட்கம் வந்தது, அப்புறம் அதையெல்லாம் மீறி வாய் ஊறியது.

"சரக்கு நல்லது," என்று முணுமுணுத்தார்.

"எனக்குக் கேக்கல," என்றார் ஹியூபர்ட், நன்றாகக் கேட்டும்.

"சரக்கு நல்லது! எனக்குச் சம்மதம்! போதுமாய்யா?"

மணி முழங்கியது. சந்தை பிழைத்தது என்றால் விடாமல் அடிப்பார்கள். ஹியூபர்ட் பைத்தியம் பிடித்தவர்போல் அடித்தார். பனிக்குள் அடைபட்டுக் கிடந்த தெருக்களில் ஜன்னல்கள் திறந்து, சட்டியும் மூடியும் தட்டும் சத்தம் கிளம்பியது. வால்டர் தொப்பியைக் கழற்றி வீசினார். சிரித்துக்கொண்டே திரும்பினால், டோரீன் அழுதுகொண்டிருந்தாள்.

"அட, என்ன நீ? சந்தைதான் பிழைச்சிடுச்சே."

"சந்தை கெடக்கு. எனக்கு ஆத்தோரத்துல நல்ல எடம் குடுத்தாங்க தெரியுமா, வேண்டாம்னுட்டேன். சீஸ் தெரிஞ்ச ஒரே ஆளு நீ. ஒன் வாயால ஒரு தடவ கேக்கணும்னுதான் இருபது வருஷமா ஒன் பக்கத்துலயே கடை போட்டேன்."

வால்டர் பனியில் கிடந்த தொப்பியை எடுத்துத் தட்டினார்.

"இன்னொரு துண்டு வெட்டு," என்றார். "பெருசா."