மூன்று நிமிடம் நாற்பது நொடி

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் சோபாவைப் போலவே ஒன்றை வாங்கிவந்து, போன வருடம் கொளுத்தினேன். அதே கடை, அதே சாம்பல் நிறம், உள்ளே அதே ஃபோம். யார் மேலும் கோபமில்லை, அதுதான் என் உத்தியோகம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூன்று சுவர் வைத்த ஓர் அறையைக் கட்டி, சாமான்களைப் போட்டு, தீக்குச்சி அளவு சுடரால் பற்றவைத்து, அது எப்படி எரிகிறது என்று எண்ணிக்கொண்டு நிற்போம். மேலே புகையை இழுக்கும் பெரிய குடை, கீழே எடை குறைவதைக் காட்டும் தராசு. இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

முதல் நிமிடம் ஒன்றுமே நடக்காது. ஒரு சொம்புத் தண்ணீரில் அணைத்துவிடலாம் போலிருக்கும். இரண்டாம் நிமிடம் புகை கூரையில் சேர்ந்து, மேலிருந்து கீழாக அறையை நிரப்பிக்கொண்டே வரும். அந்த சோபா பற்றிக்கொண்ட மூன்று நிமிடம் நாற்பதாவது நொடியில் எதிர்ச்சுவரோரம் இருந்த நாற்காலி, திரைச்சீலை, தரையில் கிடந்த செய்தித்தாள் எல்லாம் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டன. அதற்குப் பிறகு அந்த அறையில் எந்த உயிருக்கும் வேலையில்லை.

அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து காபியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். உள்ளறையில் வாலு தூங்கிக்கொண்டிருந்தாள்.

வாலு என் கணவரின் மகள். எட்டு வயது. நாலு வயதில் அம்மாவை நோய்க்குக் கொடுத்தவள். நான் அந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. வாலு என்பது நான் மனதுக்குள் வைத்த பெயர். நேரில் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவேன், அதுவும் தேன் தடவி. அவள் என்னை எதுவென்றும் கூப்பிட மாட்டாள். 'இங்க பாருங்க' என்பாள், இல்லையென்றால் பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். ஆய்வுக்கூடத்தில் நான் வாயைத் திறந்தால் தீயணைப்புக் குழாய் பிடிப்பவரே இரண்டடி பின்னால் போவார். ஆனால் வாலுவிடம் ஒரு நாள் குரலை உயர்த்தியதில்லை. ஈரத்துண்டை மெத்தையில் எறிந்தாலும் சிரிப்பேன், என் அறிக்கையின் பின்பக்கத்தில் பூனை வரைந்தாலும் சிரிப்பேன். அடுத்தவள் பெற்ற பிள்ளையை அதட்டினாள் என்ற பேர் வந்துவிடக் கூடாதே என்ற பயம். உண்மையைச் சொன்னால், ஒரு தடவை முகம் வாடிவிட்டால் அந்தப் பிள்ளை பக்கத்தில் வந்து நிற்பதும் நின்றுவிடுமோ என்ற பயம்.

பிரச்சினை இதுதான். வாலு தூங்கினால் இடி விழுந்தாலும் எழமாட்டாள். அவள் அறையிலிருந்து வாசலுக்குப் போகக் கூடத்தைத் தாண்ட வேண்டும், கூடத்தில் அந்த சோபா. ஜன்னலில் கம்பி. பெண்ணைப் பெற்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்வார்கள். நான் பெறாமலே கட்டிக்கொண்டேன்.

சோபாவை மறுநாளே தூக்கிப் போட்டுவிட்டு மர பெஞ்சு வாங்கினேன். ஆனாலும் எரிய ஒரு சாமான் எந்த வீட்டிலும் இருக்கும். பிள்ளை எழுந்து வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எரிப்பவர்கள் ஒரு பக்கம், எழுப்புகிறவர்கள் இன்னொரு பக்கம். எழுப்பும் பிரிவில் என் தோழி ஒருத்தி இருக்கிறாள். ஊரே உறங்கும்போது விழித்திருப்பதால் அவளுக்கு ஆந்தை என்று பெயர். புகை எச்சரிக்கை மணிக்குக் குழந்தைகள் பலர் எழுவதில்லை, பழகிய குரல் கூப்பிட்டால் சட்டென்று எழுகிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. குரல் பதிந்த கருவியை வீட்டில் மாட்டிச் சோதிக்கிறாள். நான் போய் எங்கள் வீட்டையும் சேர்த்துக்கொள் என்றேன்.

வாலு சனிக்கிழமை நீச்சல் முடிந்து வந்தால் ஈரத்தலையோடு அடித்துப் போட்டமாதிரி இரண்டு மணி நேரம் தூங்குவாள். சோதனை அப்போதுதான். அவளிடம் முன்னாடியே சொல்லியிருந்தோம். என்றைக்காவது ஒரு சனிக்கிழமை மேலேயிருந்து சத்தம் வரும், உடனே எழுந்து, எதையும் எடுக்காமல், நேராக கேட்டுக்கு ஓட வேண்டும், அப்பா அங்கே நிற்பார் என்று. அவளுக்கு இது விளையாட்டு. ஆந்தை அவள் மெத்தைக்கு அடியில் ஒரு விரிப்பை வைத்தாள், எழுந்து உட்கார்ந்தால் அது நேரத்தைக் குறிக்கும். அவள் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள நடையில், அவள் மெத்தையும் வாசலும் தெரிகிற மாதிரி ஒரு சின்ன கேமரா. நடையின் கூரையில் கருவி.

முதல் சனிக்கிழமை சாதாரண மணி. நானும் ஆந்தையும் சமையலறையில் ஒளிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று நிமிடம் நாற்பது நொடி கத்திவிட்டு மணி ஓய்ந்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். வாலு அசையவில்லை.

இரண்டாம் வாரம் அப்பாவின் குரல். என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எழுத்துப் பலகையைக் காட்டி 'இது தெரியுதா, இது தெரியுதா' என்று கேட்டுக் கேட்டுக் குரலே பஞ்சாகிவிட்டது. 'குட்டி, எந்திரிம்மா, தீ' என்று பதிந்தார். கருவி அதைச் சொன்னதும் வாலு புரண்டு, தலையணையைக் கட்டிக்கொண்டு, முன்னைவிட நிம்மதியாகத் தூங்கினாள். எப்படி எழுவாள்? ராத்திரி ராத்திரி கதை படித்து அவளைத் தூங்கவைப்பது அதே குரல்.

"தாலாட்டப் போட்டுட்டு எந்திரிக்கலன்னா எப்படி?" என்றாள் ஆந்தை.

மூன்றாம் வாரம் என் குரல். தீயைப் பார்த்துக்கூட அன்றுபோல் பயந்ததில்லை. பழகிய குரலிலும் பெற்றவள் குரல் என்றால் கட்டாயம் எழுவார்கள் என்கிறது ஆராய்ச்சி. நான் கூப்பிட்டு எழவில்லையென்றால், அது ஒரு தாளில் எண்ணாக ஏறிவிடும். ஆந்தை சொல்லிக்கொடுத்தபடி தெளிவாக, நிதானமாகப் பதிந்தேன்: "பாப்பா, எழுந்திருங்க. தீ. வெளிய போங்க."

மூன்று நிமிடம் ஐந்து நொடியில் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணைக் கசக்கி, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி படுத்துவிட்டாள்.

ஆந்தை என் முகத்தைப் பார்க்காமல் கம்பியைச் சுருட்டினாள். "பரவால்ல, எந்திரிச்சாளே" என்று பூசி மெழுகினாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்று மாலை என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவளோட அம்மா குரல் என் பழைய போன்ல இருக்கு. காலைல இவள எழுப்புற மாதிரி ஒரு வீடியோ. நீ வேணாம்னா வேணாம்."

எனக்கு வேண்டாம்தான். வயிறு எரிந்தது. ஆனால் அந்த எரிச்சலை வைத்துப் பிள்ளையைக் காப்பாற்ற முடியுமா? எந்தக் குரல் எழுப்புகிறதோ அது போதும் என்று ஒத்துக்கொண்டேன். அவளிடம் கேட்க வேண்டும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நொடிகளை எண்ணுகிறவர்கள் செய்கிற தப்பு அது.

நான்காம் சனிக்கிழமை கருவி அந்தக் குரலில் பேசியது. சின்னக் குரல், சிரிப்போடு. "குட்டிம்மா, எந்திரிச்சாச்சா? அம்மாகிட்ட வா, ஓடி வா."

ஒன்பதே நொடி. வாலு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆந்தை என் தோளைப் பிடித்து அழுத்தினாள். பதினான்காவது நொடியில் நடைக்கு வந்தாள்.

வந்தவள் வாசலுக்குப் போகவில்லை. கருவிக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். பத்து நொடிக்கு ஒரு தடவை குரல் வந்தது, அம்மாகிட்ட வா என்றது. அவள் வந்துதான் நின்றுகொண்டிருந்தாள், பிறகு எங்கே போவாள்? ஒரு நிமிடம் போனது. எழுந்திருக்கிறாளா என்று மட்டும்தான் கவலைப்பட்டோம், எழுந்தவள் எந்தப் பக்கம் போவாள் என்று யோசிக்கவில்லை. ஆந்தை கணினியில் கருவியை நிறுத்தும் பொத்தானைத் தேடினாள், அவசரத்தில் அகப்படவில்லை. அதற்குள் வாலு தன் அறையிலிருந்து முக்காலியை இழுத்துவந்து, கருவிக்கு அடியில் போட்டு, மேலே ஏறிக் கையை நீட்டினாள்.

புகை மேலிருந்துதான் இறங்கும். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் கூரையோரம் என்ன சூடு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே புகை இல்லை, தீ இல்லை, சும்மா ஒரு மத்தியானம். ஆனால் நான் பார்த்தது அந்தப் பிள்ளையின் தலை கருப்புக்குள் போவதை.

"ஏய் வாலு! எறங்குடி கீழ! அங்க என்னடி பாக்குற? வெளிய ஓடு! ஓடுன்னா ஓடணும், போ!"

ஒன்றரை வருடம் அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. வாலு முக்காலியிலிருந்து குதித்து, வாசலைத் திறந்து, ஒரே ஓட்டமாக கேட்டுக்கு ஓடினாள். நானும் வெறுங்காலோடு பின்னால் ஓடினேன். முற்றமெல்லாம் ஜல்லி, பாதம் கிழிந்தது.

அவள் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் குதிகாலில் ரத்தம். அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"அது அம்மா குரல்தானே?"

"ஆமா. போன்லேருந்து எடுத்தோம். உன்னைக் கேக்காம எடுத்துட்டோம். தப்பு."

"எனக்கு அது வேணும்" என்றாள். "ஆனா அங்க மேல வேணாம். எட்டல."

என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றே அந்தக் குரலை அவளுடைய சின்னப் பாட்டுப் பெட்டியில் ஏற்றிக்கொடுத்தார். இப்போது அது தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது, வேண்டும்போது கேட்டுக்கொள்கிறாள்.

நான் வாசற்படியில் உட்கார்ந்து காலுக்குப் பிளாஸ்திரி போட்டேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்களுக்குக் கத்தத் தெரியுமா?"

"தெரியும். நல்லாவே தெரியும்."

"வாலுன்னா யாரு?"

"நீதான்."

யோசித்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று எதிர்பார்த்தேன். "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆந்தை கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நடையில் இருந்த கேமராவின் ஒலிவாங்கி எல்லாவற்றையும் பதிந்திருந்தது. "உன் பாப்பா வாங்க போங்கவெல்லாம் தூக்கிப் போடு. இதான் குரல். எனக்கே ஓடணும்போல இருந்துச்சு."

இந்தத் தடவை வாலுவிடம் சம்மதம் கேட்டோம். பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு, "இதுல 'டி' ரெண்டு இருக்கு" என்றாள். எடுத்துவிடவா என்றேன். இருக்கட்டும் என்றாள்.

அவள் எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாதென்று ஆந்தை அடுத்த சோதனையை மூன்று வாரம் தள்ளிவைத்தாள். அந்த மூன்று வாரமும் வீட்டில் வழக்கமான வாழ்க்கை நடந்தது. ஈரத்துண்டை மெத்தையில் போட்டால் திட்டினேன். அவளும் திருப்பி வாயாடினாள், இரண்டு தடவை கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், சாப்பாட்டு நேரத்துக்குத் தானே வந்தாள். பக்கத்தில் வந்து நிற்பது நிற்கவில்லை.

நான்காவது வாரம் சோதனை. நீச்சல், ஈரத்தலை, தூக்கம். சமையலறையில் நானும் ஆந்தையும் திரைக்கு முன்னால் நின்றோம். மேலேயிருந்து என் கத்தல் இறங்கியது.

பதினோராவது நொடியில் எழுந்து உட்கார்ந்தாள். பதினாறில் கால் தரையில். நடையில் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கூடத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தவள், கதவருகே செருப்பு அலமாரிக்கு முன்னால் குனிந்தாள். திரையின் ஓரத்தில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஆறு நொடி. அப்புறம் கதவு திறந்தது. நாற்பத்தோராவது நொடியில் கேட்டுக்குப் போய்விட்டாள்.

ஆந்தை கை தட்டினாள். நான் தட்டவில்லை, வெளியே ஓடினேன். ஆறு நொடியில் என்னென்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"எதையும் எடுக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்? எத எடுத்த? செருப்பா? தீப்புடிச்சா செருப்புத் தேடுவியாடி?"

வாலு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜல்லியின் மேல் வெறுங்கால். கையில் ஒரு ஜோடி செருப்பு, பெரிய செருப்பு, குதிகால் தேய்ந்த நீலம். என்னுடையது.

"நீங்க கத்திட்டு வெறுங்கால்ல ஓடி வருவீங்கல்ல" என்றாள். "போன தடவ ரத்தம் வந்துச்சு."

செருப்பை என் கால் பக்கத்தில் போட்டாள். எச்சரிக்கை மணி அடித்தால் எல்லாரும் வெளியே போவார்கள் என்றுதான் நாங்கள் கணக்குப் போடுகிறோம். ஒரு பிள்ளை போகும்போதே, பின்னால் தனக்காக ஒருத்தி வருவாள் என்று நம்பிப் போகும் என்பதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

அவளைத் தூக்கிக்கொண்டேன். எட்டு வயதுப் பிள்ளை, நல்ல கனம், கால் இரண்டும் என் முழங்காலில் இடித்தன. அவளும் இறங்கவில்லை. ஆந்தை பேனாவோடு வந்து, "ஆறு நொடித் தாமதம்னு போட்டிருக்கேன். காரணம் எழுதணும்" என்றாள். கீழே கிடந்த செருப்பைக் காட்டினேன்.

அன்று மாலை என் பழைய செருப்பு ஜோடி ஒன்றைக் கேட்டோரம் நிரந்தரமாக வைத்தேன். இனிமேல் உள்ளே எதற்கும் நிற்க வேண்டியதில்லை என்று வாலுவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய், அப்பாவுடைய பழசையும் தன்னுடையதையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அடுத்த சோதனையில் முப்பத்தைந்து நொடி.